கரைக்குக் காட்டும் துணி

வாயைத் திறந்து ‘உள்ளேன்’ சொல்லாத பிள்ளைக்கு வருகை போடக்கூடாது என்பது பெரிய வாத்தியார் கட்டளை. பட்டினச்சேரி மீனவர் குப்பத்துக் காத்தாயி முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தும், வாய் திறக்காததால் அவள் பெயருக்கு நேரே ஒன்பது சுழி. இன்று பத்தானால் பெயரை அடித்துவிட வேண்டும். “காத்தாயி” என்று கூப்பிட்டுவிட்டு இசபெல்லா டீச்சர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்துகிறாள். காத்தாயி எழுந்து, சிலேட்டு துடைக்கும் ஈரத்துணியைத் தலைக்கு மேல் வீசுகிறாள். சன்னல் வெயிலில் நீர்த்துளிகள் தெறிக்கின்றன. “தண்ணியை உதறாதேன்னு எத்தனை நாளா சொல்றேன்?” பின்வரிசையில் சிங்காரி பதறி எழுகிறாள். “உதறலீங்க டீச்சர். வந்துட்டேன்னு சொல்றா. கடல்லேருந்து எங்க அப்பாவெல்லாம் இப்படித்தான் துணி வீசுவாங்க. கரையிலேருந்து யாராச்சும் திருப்பி வீசுற வரைக்கும் விடமாட்டாங்க.” இசபெல்லாவின் பேனா சுழிகளின் மேலேயே நிற்கிறது. ஒன்பது நாளும் அந்தத் துணி ஆடியது. ஒன்பது நாளும் அவள் அதட்டினாள். இப்போதும் ஆடுகிறது. காத்தாயி கை மாற்றி வீசுகிறாள். இசபெல்லா எழுந்து, இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தி, நிதானமாக இரண்டு முறை வீசுகிறாள். காத்தாயி துணியை இறக்குகிறாள்.