வீட்டுப் பேச்சு முறை

புனேயிலிருந்து வந்த மருமகள் ருதுஜாவுக்குத் தமிழை எந்த முறையில் கற்றுத்தர வேண்டும் என்று செயலி கேட்டபோது, முந்திக்கொண்டு பதில் சொன்னவள் மாமியார் சுகுணாதான்.

“இலக்கணமெல்லாம் எதுக்குக் கண்ணு? நம்ம வீட்டுல பேசறதையே கத்துக்கட்டும்,” என்றாள் மகனிடம்.

அந்த முறையில் மொழிபெயர்ப்பு கிடையாது. வீட்டில் அடிக்கடி பேசுவதைச் சுவரில் மாட்டிய அந்தச் செயலியின் கருவி கேட்டுவைத்து, எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும், பேசியவர் குரலிலேயே சொல்லித்தரும். குழந்தைகளும் அப்படித்தானே கற்கின்றன என்று சுகுணாவுக்கு அது பிடித்துப்போயிற்று. நாளடைவில் சுவரில் கருவி இருப்பதையே மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுகுணாவின் நாத்தனார் வளர்மதி வந்திருந்தாள். ருதுஜா அவளிடம் காபி டம்ளரை நீட்டி, சிரித்த முகமாக, கொஞ்சமும் பிசகாமல் சொன்னாள்:

“கழனித்தண்ணியாட்டம் காபி. எம்பட பையன் தலையெழுத்து.”

காபி கொடுத்தால் சொல்லும் உபசார வார்த்தை என்றே அவள் நினைத்திருந்தாள். தினமும் அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் சுகுணா முணுமுணுப்பது அது. அந்த இழுப்புகூட அப்படியே வந்திருந்தது.

“இத யாரு கண்ணு சொல்லிக்குடுத்தாங்க?” என்று மெதுவாகக் கேட்டாள் வளர்மதி.

“அத்தைதானுங்க,” என்ற ருதுஜா, சுகுணாவின் பக்கம் ஆசையாகத் திரும்பினாள். “சரியாச் சொன்னனுங்களா அத்தை?”

வளர்மதி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“காபி நல்லாத்தானுங்க அண்ணி இருக்குது.”

சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது.