ருசி கண்ட கோழி

செவலைக் கோழி தன் முட்டையைத் தானே கொத்திக் குடித்துக்கொண்டிருந்தது.

முட்டை எடுக்கக் குனிந்த முனிலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். கோழியின் அலகில் மஞ்சள் ஒழுகியது. அடியில் போட்டிருந்த வைக்கோலெல்லாம் ஈரம்.

"அடிப் பாவி!" என்று கத்தினாள்.

நல்லவேளை, கறுப்புக் கோழி இட்டது ஓரமாகத் தப்பிக் கிடந்தது. எடுத்து முந்தானையில் துடைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. இன்றைக்கு அவள் புருஷன் கங்கப்பனுக்கு இந்த ஒன்றுதான்.

சுரங்க வேலைக்குப் போன கங்கப்பன் மாசியில் சொந்த ஊரான ஜூஜுவாடிக்குத் திரும்பி வந்தபோது பாதி ஆளாகத்தான் வந்தான். நெஞ்சில் கல்தூசி படிந்துவிட்டது என்றார் டாக்டர். தினம் ஒரு முட்டையாவது உள்ளே போனால் தேறுவான், போகாவிட்டால் ஆடியைத் தாண்ட மாட்டான் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். படித்த மனுஷர், கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

முட்டையை எப்படிக் கொடுப்பது? பொரித்தால் எண்ணெய்ப் புகைக்கே உயிர் போகிற இருமல் வந்தது. அவித்தால் மஞ்சள் மாவாகித் தொண்டையில் நின்றுகொண்டது. பச்சையாகக் குடித்தால் குமட்டல். கடைசியில் ஆஸ்பத்திரி நர்சம்மாதான் பாதிக் கன்னடத்திலும் பாதிக் கைஜாடையிலும் சொல்லிக்கொடுத்தாள்: ஓட்டை உடைத்துத் தண்ணீரில் விட்டு வேகவை, துரைமார் அப்படித்தான் தின்பார்கள். துரைமார் கப்பலேறி ஏழெட்டு வருஷமாகிறது. அவர்கள் தீனி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இதென்ன பெரிய வித்தை என்பவர்கள் ஒரு தடவை விட்டுப் பார்க்கட்டும்.

முதல் முட்டை சட்டியெல்லாம் நுரைத்துக் கஞ்சியாகிவிட்டது. அடுத்தது அடியில் ஒட்டிக்கொண்டது. அத்திப்பள்ளி சந்தையில் வாங்கிய பழைய முட்டை நூல் நூலாகப் பிரிந்தது. இத்தனை வருஷம் களி கிண்டிய கைக்கு ஒரு முட்டை அடங்கவில்லையே என்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

அழுதால் ஆகுமா? பழகினாள். தண்ணீர் கொதிக்கக் கூடாது. அடியில் பொடிப்பொடியாகக் குமிழி கட்டும்போதே விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். எலுமிச்சை இரண்டு சொட்டு. முட்டை அன்றன்றைக்கு இட்டதாக இருக்க வேண்டும். கரண்டியில் உடைத்து, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல மெல்லத் தண்ணீரில் நழுவவிட வேண்டும்.

கங்கப்பனும் ஒருநாள் விடாமல் தின்றான். தட்டு காலியாகத்தான் திரும்பி வரும். ஆனால் உடம்பு மட்டும் ஏறவில்லை. தின்றது எங்கேதான் போகிறதோ என்று அவளுக்கு ஒரே மலைப்பு. மெதுவாகத்தான் தேறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"கழுத்தத் திருகிக் கொழம்பு வெச்சிடு லச்சுமி. முட்டை ருசி கண்ட கோழி இனிமே விடாது. ஆமா, யாரு அதுக்கு முட்டை ஊட்டிப் பழக்குனது?"

யார் பழக்கினார்கள்? உடைத்த ஓட்டைக்கூட முனிலட்சுமி அடுப்பில் போட்டு எரித்துவிடுவாள். சிதறிப்போன முட்டையை வீணாக்க மனசில்லாமல் அவளே குடித்துவிடுவாள். ஒரு துணுக்கு வெளியே போனதில்லை.

செவலையின்மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். என்ன அதிசயமோ, அன்றைக்கென்று முட்டை ஒரு பிசிறில்லாமல் திரண்டு வந்தது. வெள்ளை மெல்லிசாக மூடியிருக்க, உள்ளே மஞ்சள் தளும்பியது.

தட்டை ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்தாள். பின்பக்கத்து ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்த கங்கப்பன், எப்போதும் சொல்வதையே சொன்னான்.

"நீ பக்கத்துல நின்னா எனக்கு எறங்காது. போய் வேலயப் பாரு."

எப்போதும் இந்நேரம் அவள் கிணற்றடிக்குப் போவாள். இன்றைக்கு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

ஜன்னலுக்குக் கீழே கறுப்புக் கோழி கழுத்தை நீட்டி அண்ணாந்து நின்றிருந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

ஐயோ முனீஸ்வரா, அவனுக்கு எறங்கட்டும். அந்த ஒரு முட்டை எறங்கட்டும்.

உள்ளே விழுங்கப் பார்க்கிற சத்தம் கேட்டது. உடனே துண்டை வாயில் அழுத்திக்கொண்ட இருமல். அது அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு ஜன்னல் விளிம்பில் தட்டு தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கையில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை.

ஆத்திரமாக வந்தது அவளுக்கு. பாவி மனுஷா, இத்தனை நாளாக இப்படியா ஏமாத்தினே என்று உள்ளே ஓடிப்போய்க் கத்த வேண்டும் போலிருந்தது.

தட்டு சரிந்தது.

கோழியைக் காலால் ஒதுக்கிவிட்டு முந்தானையை விரித்துப் பிடித்தாள். முட்டை அதில் வந்து விழுந்தது. வெள்ளையின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கடி. மஞ்சள் உடையவே இல்லை.

"லச்சுமீ..." உள்ளேயிருந்து மூச்சு வாங்க அவன் குரல். "இன்னிக்கி பூவாட்டம் வந்திருந்துச்சி."

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். இங்கிருந்து பேசினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாசலுக்கு ஓடினாள். நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் குரல் கொடுத்தாள்.

"அப்பிடியா? நாளைக்கும் அதேமாரி செஞ்சு தரேன்."