மனுவில் மூன்று திருத்தம்

"உங்க கடை வைஃபையிலயே பாருங்கண்ணே. இந்த போன்ல என் கிளாஸ் சுத்திக்கிட்டே நிக்குது. அந்த போன்ல உங்க டியூஷன் ஆப் தண்ணியா ஓடுது. எப்படி?"

மேசைமேல் இரண்டு போனையும் டொக்கென்று வைத்தாள் ஹாஜிரா. நெல்லித்தோப்பில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுக்கிற செம்மலின் கடை அது.

ஹாஜிரா வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள். பிரெஞ்சு, வாயைப் பார்த்துப் படிக்கவேண்டிய பாஷை. ஒரு மாதமாக அவள் வாய் திரையில் பாதி திறந்தபடியே நின்றுவிடுகிறது. படித்த பத்துப் பேரில் நாலு பேர் செம்மலின் ஆப்புக்கே போய்விட்டார்கள். இன்னும் ரெண்டு பேர் போனால் வகுப்பை மூடவேண்டியதுதான்.

செம்மல் கோபப்படவே இல்லை. டீ கூட வரவழைத்தான்.

"ஒளிவு மறைவு என்ன டீச்சர்? எங்க ஆப்புக்குத் தனி வழி விட்டிருக்கேன். மத்ததெல்லாம் அதுக்குப் பொறவுதான்."

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி குடுக்கணும்னு விதி இருக்குதே?"

"விதி கெடக்குது! அத எடுக்கச் சொல்லித்தான் எங்க சங்கம் டெல்லிக்கு எழுதிக்கிட்டிருக்கு. வெயில்ல காஞ்சு வயர் இழுத்தவன் நானு. அதுல யாரு முன்னால போவணும்னு எவனோ சொல்லுவானா?"

"அப்ப என் பொழப்பு?"

"எங்க ஆப்லயே டீச்சரா சேந்துடுங்க. ஜம்முனு ஓடும்."

ஹாஜிராவுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. வயிற்றில் அடித்தவனே சோறு போடுகிறேன் என்கிறான்! வேறு கனெக்‌ஷனுக்கு மாறலாமென்றால், அவள் சந்துக்குள் வந்திருப்பது இவன் வயர் ஒன்றுதான். அந்தத் தைரியம்தான் இவனுக்கு.

டீயைத் தொடாமல் எழுந்தாள்.

"டீச்சர், ஒரு நிமிஷம். நீங்க படிச்சவங்க. இதுல தப்பு இருந்தா திருத்திக் குடுங்களேன்." ஒரு காகிதத்தை நீட்டினான் செம்மல். இப்போது அவன் குரலே மாறியிருந்தது. "மெயின் ரோட்டுல கம்பம் நட்டிருக்கானே ஒரு பெரிய கம்பெனிக்காரன், அவன் வயர மட்டும் ஒழுங்கா கட்டிக்கிட்டு என் வயர அவுத்துத் தொங்க விட்டுட்டான். நாலு நாளா அல்லாடறேன். கேட்டா, கம்பம் எங்களுதுங்கறான். அடுக்குமா இது? அவன் மேனேஜருக்குத்தான் இந்த மனு."

கண்ணெல்லாம் சிவந்திருந்தது அவனுக்கு. நடிப்பில்லை, நிஜமான கோபம்தான்.

ஹாஜிரா உட்கார்ந்தாள். மனுவை நிதானமாகப் படித்தாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. மூணு எடத்துலதான் தப்பு."

திருத்திக் கொடுத்தாள். செம்மல் வாங்கிப் பார்த்தான்.

அனுப்புநர் என்ற இடத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு ஹாஜிரா என்று எழுதியிருந்தது. பெறுநர் என்ற இடத்தில் மேனேஜரை அடித்துவிட்டு செம்மல் என்று இருந்தது. கீழே 'கம்பம்' என்ற ஒரு சொல்லை அடித்து, மேலே 'வயர்'.

அவன் உதடு அசைய, மெல்லப் படித்தான்.

'ஐயா, வயர் உங்களுடையதாகவே இருக்கட்டும். அதற்காக உங்களுடையதற்கு மட்டும் வழி விட்டு எங்களை நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்? பிழைக்க வந்த சின்னவர்களை நசுக்கத்தானா உங்களுக்கு இந்த உரிமை?'

ஹாஜிரா இரண்டு போனையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கீழ கையெழுத்தும் போட்டுட்டேன். மத்த வரியெல்லாம் நீங்க எழுதினதுதாண்ணே."