பதினேழாவது இடம்

அமெரிக்காவில் இப்போது ஒவ்வொரு நோயாளியின் கட்டிலுக்கு மேலேயும் ஒரு திரை இருக்கிறது. அவருடைய நோய்க்கு எந்த நாட்டில் வைத்தியம் சிறப்பு என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாமென்று நிறைமதி அதைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிவைத்தாள்.

“என்னம்மா சொல்லுது?” என்றார் சங்கரபாண்டியன்.

அவருடைய ஈரல் நோய்க்கு அமெரிக்கா பதினேழாவது இடம் என்றது திரை. மதுரையிலேயே இருந்திருந்தால் இந்நேரம் குணமாகியிருப்பார். இங்கே ஆபரேஷனுக்கு முறை வருவதற்குள் நோய் முற்றிவிட்டது. வரமாட்டேன் என்றவரை அடம்பிடித்து அழைத்துவந்தவள் நிறைமதிதான்.

“அமெரிக்காதான்பா முதலிடம்.”

“பார்த்தியா! நான் ஒரு கிறுக்கன், வரமாட்டேன்னு உன்கூட மல்லுக்கு நின்னேன்.”

அன்று அவர் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். அந்த முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவள் வந்தபோது அப்பா போனில் மதுரையிலிருக்கும் தம்பியுடன் பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கும் அதே நோய்.

“இன்னைக்கு இவனுக்கு ஆபரேஷனாம். விட்டுட்டு இங்க வாடான்னா நம்ப மாட்டேங்கிறான். நீ சொல்லும்மா” என்று போனை நீட்டினார்.

“என்ன பாப்பா, அண்ணன் சொல்றது நெசந்தானா?”

அப்பா அவளையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சித்தப்பா.”

வெளியே போய் உடனே திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் எதிர்முனையில் சித்தப்பா நர்ஸிடம் சொல்வது கேட்டது:

“இந்த ஊசியைக் கழட்டும்மா. நான் வீட்டுக்குப் போறேன்.”