வள்ளத்தின் நிறங்கள்

கைபேசி விளையாட்டில் முகம் தெரியாத யாராவது கண்டுபிடிக்கட்டுமென்று குலசிங்கம் நான்கு கட்டங்களில் நிறங்களை வரிசையாக ஒளித்து வைத்தார். மகள் பிரியதர்சினி எட்டிப் பார்த்தாள்.

"இண்டைக்கும் சிவப்பு, நீலம், நீலம், மஞ்சளா? ஒருக்கா மாத்தி வையுங்கோவன் அப்பா!"

"மாத்த ஏலாது, பிள்ளை."

அவள் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவியைக் கூப்பிட்டார். "நல்லம்மா, ஓடி வா! ஆரோ முதல் தரமே சரியாப் போட்டிருக்கு! தம்பி தன்ரை மீன்பிடி வள்ளத்துக்கு அடிச்ச நிறமெல்லே? வேறை ஆருக்குத் தெரியும்? இராகுலன் உயிரோடை இருக்கிறான்!"

ஆஸ்திரேலியாவுக்கென்று படகேறிய, அவர்கள் தம்பியென்று கூப்பிடும் மகனிடமிருந்து பல வருடங்களாகச் சேதி இல்லை. நல்லம்மா விம்மினாள்.

குசினியில், அப்பாவைச் சீண்டுவதற்காகப் பொய்ப்பெயரில் அந்த நிறங்களைப் போட்டிருந்த பிரியதர்சினி விளையாட்டை மூடப் போனாள். அவளுடைய கைபேசியில், விளையாட்டுக்குள்ளேயே அப்பா அனுப்பிய எழுத்துகள் வந்தன:

"தம்பி, சாப்பிட்டனியா?"