மேட்டுக்கு எந்தச் சைக்கிள்?

கண்டியிலுள்ள சைக்கிள் கடையில், ஐம்பது வயது மார்கிரட் மெல்லிய டயர் ரோட் பைக்கையும் தடித்த டயர் ஹைபிரிட்டையும் மேட்டில் மாறி மாறி ஓட்டிப் பார்த்து நேரம் குறித்தாள்.

"ரோட் பைக்தான் வேகம். ஹைபிரிட் சொகுசு, ஆனா பிந்தும்," என்றான் கடைக்காரன் ரிஸ்கான்.

"கல்லு ரோட்டுல?"

"அங்க ரோட் பைக் சறுக்கும். ஹைபிரிட்தான் முந்தும்."

"அப்ப ஹைபிரிட்டே குடுங்க."

"இந்த வயசுல ரேஸுக்கா மிஸ்?" ரிஸ்கான் சிரித்தான்.

"இல்லீங்க. நான் புசல்லாவையில மிட்வைஃப். மண்சரிவுல தோட்டத்து ரோடு ஒடஞ்சிருச்சு, ஆட்டோ வராது. போன மாசம் ராத்திரியில ஒரு பிரசவத்துக்கு நடந்தே போனேன். பத்து நிமிசம் பிந்திட்டேன். அந்தப் புள்ள அழவே இல்ல. இனி பிந்த ஏலாது."

ரிஸ்கானின் சிரிப்பு நின்றது. அவள் கேட்காமலேயே, ஹைபிரிட்டின் முன்னால் பெரிய விளக்கொன்றைப் பூட்டத் தொடங்கினான்.