ஏற்கெனவே இருந்த சிப்

என் மனைவி யூ-சினின் அக்கா வீட்டு நாய் போட்ட குட்டி அது. வயது இரண்டு மாதம். உரிமையாளர் பெயரைக் காட்டும் சிப்பைக் கழுத்துத் தோலுக்கடியில் போட, பூலி ஊரில் இருக்கும் நாய் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். ஊசிக்கு முன்னால் அவர் வழக்கம்போல் சிப் படிக்கும் கருவியை அதன் கழுத்தில் ஓட்டினார். கருவி ஒலித்தது.

"ஏற்கெனவே சிப் இருக்கே, ஜியான் சார். உங்க பேர்லதான் இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி பதிஞ்சது. நாய் பேரு மாந்தோ. காணாமப் போச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

பெயரைக் கேட்டதும் குட்டி காதுகளை நிமிர்த்தியது.

அப்போது மாந்தோவைத் தேடி யூ-சின் ஒரு மாதம் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினாள். அதை மலைப்பாதையில் இறக்கிவிட்டு வந்தவன் நான். காணாமல் போனதாகப் பதிந்துவிட்டால், நாயைக் கைவிட்டதற்கான அபராதம் இல்லை.

"மெஷின்ல ஏதோ கோளாறு," என்றேன்.

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். நாய் கிடைச்சிருச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க. அதான் சட்டம்."

யூ-சின் என் பக்கம் திரும்பவில்லை. "போடுங்க," என்றாள். "உங்க நாய்தானே."

போட்டேன்.

ஸ்கூட்டரில் என் கால்களுக்கு நடுவே, மாந்தோ எப்போதும் நிற்கும் இடத்தில், குட்டி தானே ஏறி நின்றது. பின்னால் உட்கார்ந்த யூ-சின் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் குட்டி சாலையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. மலைப்பாதை பிரியும் சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். என் கால்களுக்கு நடுவிலிருந்து வளர்ந்த நாயின் உறுமல் கேட்டது.

"இங்கதானா?" என்று யூ-சின் கேட்டாள்.